மாமா விற்ற வண்டி

முதல் வண்டியை வாங்கும்போது சின்னவளுக்கு நாற்பத்தொரு வயது. அதுவரை அவள் பேரில் இருந்த சக்கரம் வைத்த சாமான்கள் இரண்டே இரண்டு: ஒரு தள்ளுவண்டி, ஒரு தையல் மெஷின்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கும் நாலைந்து லாட்ஜுகளுக்கும் படுக்கை விரிப்பு, தலையணை உறை துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுக்கிற லாண்டரி அவளுடையது. நாலு மெஷின், மூன்று வேலைக்காரப் பெண்கள், துணி உலர்த்த ஒரு மொட்டை மாடி. புருஷன் கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் பத்து மாதம் கடலில் கிடப்பான். வீட்டுக்கு இளையவள் என்பதால் சின்னவள் ஆனவள், காதோரம் நரைத்த பிறகும் சின்னவளாகவே இருந்தாள்.

வாடகை வண்டிக்காரர்களோடு மல்லுக்கட்டி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. ஒருநாள் ஒருத்தன் மீன் கூடை இறக்கிய ஈரம் காயாத வண்டியில், துவைத்து மடித்த ஆஸ்பத்திரி விரிப்புகளை ஏற்றப் பார்த்தான். அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள். வண்டி ஓட்டக் கற்றாள், லைசென்ஸ் எடுத்தாள், வளையல்களைக் கழற்றி விற்றாள். பழைய டீசல் பிக்கப் ஒன்று போதும் என்று நேராக அக்கா வீட்டுக்குப் போனாள்.

அக்கா புருஷன், அவளுக்கு மாமா, பழைய வண்டிகளை வாங்கி விற்கிறவர். மெயின் ரோட்டில் வாடகை மனை, தகரக் கூரை, இருபது முப்பது வண்டிகள், எல்லாவற்றிலும் மினுமினுவென்று மெழுகு. மனுஷனுக்குத் தேன் தடவிய நாக்கு. பஞ்சரான டயரைக்கூட "கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துட்டு இருக்கு" என்று சொல்லி விற்றுவிடுவார் என்பது குடும்பத்தில் பழைய ஜோக்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் அந்த மனைக்குப் போனபோது வெள்ளை நிற பிக்கப் ஒன்று ஏற்கெனவே உறுமிக்கொண்டு நின்றது.

"உனக்காக ஸ்டார்ட் பண்ணியே வெச்சிருக்கேன், பாரு. மீட்டரப் பாரு. அறுபத்திரெண்டாயிரம்தான் ஓடியிருக்கு. டீசல் வண்டிக்கு இதெல்லாம் பால் குடிக்கிற வயசு."

"நல்லா ஓடும்ல மாமா?"

"சொந்த மச்சினிச்சிக்கு ஓட்ட வண்டியக் குடுப்பேனா? அப்புறம் உங்க அக்கா எனக்குச் சோறு போடுவாளா?"

அக்காதான் சாவியை எடுத்து வந்து அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். "கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போடி. நான் சொல்றேன்ல."

சின்னவள் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினாள்.

பத்தொன்பது நாள் ஓடியது. இருபதாம் நாள், ஆஸ்பத்திரிக்கு முந்நூறு விரிப்புகளை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறும்போது, சூடு காட்டும் முள் சிவப்புக்குத் தாவியது. பானெட்டுக்கு அடியிலிருந்து புஸ்ஸென்று வெள்ளை ஆவி. பாலத்தின் நடுவில் வண்டி படுத்துவிட்டது. பின்னாலிருந்து ஹாரன் காதைப் பிளந்தது. ஒரு பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "அக்கா, குக்கர் வெச்சிருக்கீங்களா, எத்தன விசில் ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனான். அன்று ஆஸ்பத்திரியில் ஆபரேஷன்கள் தள்ளிப்போயின. மறுநாள் மேலாளர் அவளை நாற்காலியில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. ஒன்பது வருஷமாகச் செய்துவந்த வேலை, ஒரு காகிதத்தில் ஒரு கையெழுத்தில் வேறொருத்தருக்குப் போனது.

அவள் மாமாவிடம் போனாள். அழவில்லை, சண்டையும் போடவில்லை. வண்டியில் ஏதோ கோளாறு இருக்கிறது, பாருங்கள் மாமா, என்றுதான் கேட்டாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. அக்கா வீட்டில் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள்.

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். "வண்டியில என்னம்மா கோளாறு? கோளாறு ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவுல இருக்கு. மேட்டுல மூணாவது கியர்ல இழுத்திருப்ப. துணி துவைக்கிற கை. வண்டியையும் அடிச்சுத் துவைச்சிருக்கு."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவருக்குப் புரையேறி, பக்கத்தில் இருந்தவர் தலையில் தட்டினார். அக்கா குனிந்து பரிமாறிக்கொண்டே இருந்தாள்.

சின்னவளும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வெளியே வந்தாள்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போன இடம் ஒரு சின்ன ஒர்க் ஷாப். அதன் மெக்கானிக்குக்குச் 'சந்தேகம்' என்று பேர். எதைக் கேட்டாலும் "சந்தேகமே இல்ல" என்றுதான் வாயைத் திறப்பான். அவள் வயசுதான் இருக்கும். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றித் திருப்பி வைத்தான். இரண்டு வால்வுகளுக்கு நடுவில் முடி போல ஒரு விரிசல்.

"இது நான் ஓட்டி வந்ததா?" என்றாள்.

"சந்தேகமே இல்ல, இது பழசு. விரிசலுக்குள்ள கரி ஏறியிருக்கு பாருங்க." அவன் ரேடியேட்டர் குழாயைக் கழற்றித் தட்டினான். மரத்தூளைப் பசையில் குழைத்த மாதிரி பழுப்பாக ஏதோ விழுந்தது. "இது ஓட்டைய அடைக்கிற பொடி. கொஞ்ச நாளைக்குத் தண்ணி ஒழுகாது. அப்புறம் ரேடியேட்டரையே அடைச்சிடும். ஆயிலப் பாருங்க, தேன் மாதிரி இருக்கு. புகை தெரியாம இருக்கக் கெட்டி மருந்து ஊத்தியிருக்காங்க. வாங்கும்போது இன்ஜின் ஓடிட்டு இருந்துச்சா?"

"ஓடிட்டு இருந்துச்சு."

"குளிர்ந்த வண்டிய உங்க முன்னாடி ஸ்டார்ட் பண்ணியிருந்தா குட்டு உடைஞ்சிருக்கும். குளிர்ந்த இன்ஜினச் சூடாக்குற ஹீட்டர் பிளக்கு நாலுல மூணு செத்துப்போச்சு. மிதியில ரப்பர் தேஞ்சு இரும்பு தெரியுது. அறுபத்திரெண்டாயிரத்துல இப்படித் தேயுமா? மீட்டரத் திருப்பியிருக்காங்க. யாருங்க வித்தது?"

"சொந்தக்காரர்."

'சந்தேகம்' ஒரு கந்தலை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டான்.

சின்னவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. அதை அணைக்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஒரு பானை தண்ணீரைக் காய வைக்கிற மாதிரி, அந்த நெருப்பின் மேல் எதையாவது ஏற்றி வைக்க வேண்டுமென்றுதான் தோன்றியது.

ஹெட்டை மாற்றினாள். மாற்றுகிற ஐந்து நாளும் ஒர்க் ஷாப்பிலேயே நின்றாள். ஒவ்வொரு போல்ட்டும் எதற்கென்று கேட்டாள். 'சந்தேகம்' எரிச்சல்பட்டு, "உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்றபோது, "ஒருத்தர் கண்ணுல விரல விட்டு ஆட்டணும். விரல் எங்க போகுதுன்னு தெரிய வேண்டாமா?" என்றாள்.

பிறகு வண்டியை அவளே பார்த்துக்கொண்டாள். தினமும் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஆயில் அளவு பார்க்கிற கம்பியை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பார்ப்பாள். ரேடியேட்டர் தண்ணீரின் நிறம் பார்ப்பாள். வாரம் ஒருமுறை டீசல் பில்டருக்குக் கீழே இருக்கும் திருகைத் தளர்த்தி, தேங்கிய தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்ப்பாள். ஏர் பில்டரைத் தட்டித் தூசு எடுப்பாள். ஒருமுறை டீசல் தீர்ந்து வழியில் நின்றபோது, பைப்பில் புகுந்த காற்றைக் கைப்பம்பை அமுக்கி அமுக்கி அவளே வெளியேற்றி, இருபது நிமிஷத்தில் கிளப்பிவிட்டாள். கீழே படுத்து ஷாப்ட்டுக்குக் கிரீஸ் அடிக்கும்போது, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அவள் உதடு அசையும். மந்திரம் சொல்கிறாள் என்று வேலைக்காரப் பெண்கள் நினைத்தார்கள். 'துணி துவைக்கிற கை' என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பழைய வண்டிகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்தாள். ஒர்க் ஷாப்புக்கு வரும் வண்டிகளையெல்லாம் மோப்பம் பிடித்தாள். எட்டு மாதத்தில், ஒரு டீசல் இன்ஜினின் இருமலைக் கேட்டே எந்த இடத்தில் சளி என்று சொல்லிவிடுவாள். "சந்தேகமே இல்ல, நீங்க எனக்குப் போட்டியா கடை போடப் போறீங்க" என்றான் 'சந்தேகம்'.

கடைதான் போட்டாள். ஆனால் அவனுக்குப் போட்டியாக இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, மாமாவின் மனைக்கு நேர் எதிரே, டீக்கடையை ஒட்டிய காலி இடத்தில் தன் வெள்ளை பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தினாள். பின்கதவை இறக்கி அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு அட்டை. அதில் பெரிய எழுத்தில்: 'பழைய வண்டி வாங்கப் போறீங்களா? வாங்குறதுக்கு முன்னாடி பார்த்துச் சொல்கிறேன். இலவசம்.'

மாமா ரோட்டைக் கடந்து வந்தார். அட்டையைப் படித்தார். "என்னம்மா இது வேடிக்க?"

"ஞாயித்துக்கிழம லீவு மாமா. பொழுது போகல."

முதல் ஆள் ஒரு எலக்ட்ரீஷியன். மாமாவின் மனையில் நீலவண்ண வேன் ஒன்றைப் பேசி முடித்துவிட்டு, டீ குடிக்க வந்தவன் அட்டையைப் பார்த்துச் சிரித்தான். "இலவசம்னா சும்மா பாருங்களேன்."

சின்னவள் மனைக்குள் போனாள். மாமா மனைக்குள் போவதற்கு அவளுக்கு யார் அனுமதி வேண்டும், சொந்தக்காரிதானே. "பானெட் மேல கைய வைங்க. சூடா இருக்கா?"

"இருக்கு."

"மணி ஒன்பதுகூட ஆகல. நிக்கிற வண்டிக்குக் காய்ச்சல் ஏன் வருது?" அவள் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகி எடுத்து அவன் மூக்கருகே நீட்டினாள். மூடியின் உள்பக்கம் பால் காபி நுரை போல ஒட்டியிருந்தது. "ஆயில்ல தண்ணி கலந்திருக்கு. இனி கீழ குனிஞ்சு பாருங்க. சேஸ்ல, அதான் அடிச்சட்டத்துல, புதுசா வெல்டிங், அது மேல கருப்புப் பெயின்ட். எங்கேயோ முட்டி மடங்கின வண்டி. அவ்வளவுதான், நான் வரேன்."

எலக்ட்ரீஷியன் மாமாவைப் பார்த்தான். மாமாவின் நாக்கில் இருந்த தேன் எங்கே போனதென்று தெரியவில்லை.

அடுத்த வாரம் மூன்று பேர். அதற்கடுத்த வாரம் ஒன்பது பேர். எலக்ட்ரீஷியன் போகிற வீட்டிலெல்லாம் பல்பு மாட்டிக்கொண்டே கதையைச் சொல்லியிருக்கிறான். டீக்கடைக்காரர் அவளுக்கு நாற்காலி போட்டார், வெயிலுக்குக் குடை கட்டினார். மாமா ஸ்பீக்கர் வைத்துப் பாட்டை அலறவிட்டார். அவள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். மாமா போலீசில் சொன்னார். வந்த போலீஸ்காரர் விசாரித்துவிட்டு, தன் மச்சானுக்கு ஒரு ஜீப் பார்க்க வேண்டும், அடுத்த ஞாயிறு வரலாமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அது ஒன்றில் மட்டும் கறாராக இருந்தாள். வேறு எங்காவது வாங்கிய நல்ல வண்டியைக் கொண்டுவந்தால் நல்லது என்பாள். மாமாவிடம் நல்லது இல்லை, அவ்வளவுதான். பொய் சொன்னால் அவர் தப்பித்துக்கொள்வார் என்று அவளுக்குத் தெரியும். உண்மையைக் கொண்டு நறுக்கினால்தான் காயம் ஆறாது.

ஐந்தாவது மாதம் அக்கா லாண்டரிக்கு வந்தாள். முகம் வற்றிப்போயிருந்தது.

"போதும்டி. வாரக்கணக்குல ஒரு வண்டி நகரல. மனைக்காரர் இந்த மாசத்தோட காலி பண்ணச் சொல்லிட்டாரு. உனக்கு என்னதான் வேணும், சொல்லு."

"அவர் வாயால சொல்லணும்."

"எத?"

"அந்த வண்டியில என்ன பண்ணி எனக்கு வித்தாருன்னு. நாலு பேர் முன்னாடி. நாலு பேர் முன்னாடிதானே சிரிச்சாரு."

அக்கா முந்தானையை இடுப்பில் செருகினாள். "அவர் சொல்ல மாட்டாரு. நீயும் கேக்காத" என்றாள். பிறகு எழுந்து போனாள். ஏன் கேட்கக் கூடாது என்று சின்னவள் அப்போது யோசிக்கவில்லை.

அந்த மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. மாமா எங்கிருந்தோ ஒரு சாம்பல் நிற பிக்கப்பைக் கொண்டுவந்து முன்வரிசையில் நிறுத்தியிருந்தார். அதைப் பார்க்க ஒரு தச்சரும் அவர் மனைவியும் வந்தார்கள். தச்சருக்கு வண்டி பிடித்துவிட்டது. பேச்சு முழுக்க மனைவிதான். அவள் எதிர்ப்பக்கம் விரலை நீட்டினாள்.

"அந்தம்மா பார்த்துச் சொல்லட்டும். அப்புறம் முடிக்கலாம்."

மாமாவே ரோட்டைக் கடந்து வந்தார். பின்னால் தச்சரும் மனைவியும். மனை வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"வந்து பாரும்மா. இது சுத்தமான வண்டி" என்றார் மாமா. குரலில் நடிப்பு இல்லை. கெஞ்சல் இருந்தது.

சின்னவள் போனாள். பானெட் சில்லென்று இருந்தது. அவளே சாவியைத் திருப்பினாள், ஒரே திருப்பில் பற்றிக்கொண்டது. புகை இல்லை. மூடி சுத்தம். தண்ணீர் சுத்தம். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தாள், ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. மிதியின் தேய்மானமும் மீட்டரும் ஒத்துப்போயின. பதினைந்து நிமிஷம் தேடியும் ஒரு குறை சிக்கவில்லை. மண்ணில் மல்லாந்து கிடந்தபடியே அவள் பல்லைக் கடித்தாள். ஒரே ஒரு வார்த்தை, 'வேண்டாம்' என்று சொன்னால் போதும். இந்த ஆள் இன்றோடு ஒழிந்தார். யார் அவளைச் சந்தேகப்படப் போகிறார்கள்?

எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். டீக்கடையில் இருந்தவர்களெல்லாம் வந்து சுற்றி நின்றிருந்தார்கள்.

"சொல்லுங்கம்மா" என்றாள் தச்சர் மனைவி.

"சொல்றேன். அதுக்கு முன்னாடி இவர் ஒண்ணு சொல்லணும்." அவள் மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். "அதோ நிக்குதே என் வெள்ள வண்டி, அத எப்படி வித்தீங்க மாமா? அதச் சொல்லுங்க. அப்புறம் இந்த வண்டியப் பத்தி நான் உள்ளத உள்ளபடி சொல்றேன்."

மாமா அவளையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கழுத்தில் வியர்வை இறங்கியது. "இப்ப எதுக்கும்மா பழைய கதை?"

"சரி, நான் வரேன்."

"நில்லு, நில்லு." அவர் எச்சிலை விழுங்கினார். "ஹெட் விரிசல் விட்டிருந்துச்சு. எனக்குத் தெரியும். ரேடியேட்டர்ல பொடி போட்டேன். ஆயில்ல மருந்து ஊத்தினேன். மீட்டரத் திருப்பினேன். நீ வரதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சேன். போதுமா?"

"என்கிட்ட ஏன் வித்தீங்க? ஊர்ல வேற ஆளா இல்ல?"

அங்கேதான் மாமாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லாம் போன பிறகு இன்னொன்றை ஏன் மிச்சம் வைக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

"நானா உன்கிட்ட விக்கணும்னு நெனச்சேன்? அத ஒடச்சு இரும்புக்குப் போடத்தான் இருந்தேன். உங்க அக்காதான் சொன்னா. வெளி ஆளுக்கு வித்தா வீடு தேடி வந்து சட்டையப் பிடிப்பான், என் தங்கச்சின்னா ரெண்டு நாள் அழுதுட்டு விட்டுடுவா, அவளுக்குக் குடுங்கன்னு. போய் அவளக் கேளு!"

சின்னவள் மனை வாசலைப் பார்த்தாள். அக்கா இல்லை. உள்ளே போயிருந்தாள்.

சின்னவள் அந்த வாசலைப் பார்த்து ஒரு அடி எடுத்து வைத்தாள். ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்று. தச்சர் பக்கம் திரும்பினாள்.

"நல்ல வண்டி. ஒரு குறை இல்ல. நானே வாங்குவேன்."

தச்சர் முகம் மலர்ந்து சட்டைப் பைக்குள் கையை விட்டார். அவர் மனைவி அந்தக் கையைப் பிடித்தாள்.

"வண்டி நல்லதுதாங்க. ஆனா கூடப் பொறந்தவளுக்கே இப்படின்னா, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாங்க இவர்கிட்டதானே வந்து நிக்கணும்? வேண்டாம், வாங்க போலாம்."

இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்கள். மாமா அந்தச் சாம்பல் நிற வண்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, அவர்கள் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரர் யாருக்கோ சொல்கிற மாதிரி, "பால் பொங்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுவாரம் மனை காலியானது. மாமா துறைமுகத்துக் கிடங்கில் லாரிகளுக்குச் சீட்டுக் கிழிக்கிற வேலைக்குப் போனார் என்று கேள்விப்பட்டாள். சின்னவளுக்கு மனசு உறுத்தியதா என்றால், இல்லை. அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டாள். கப்பலுக்குப் போன் போட்டுப் புருஷனிடம் முழுக் கதையையும் சொன்னாள், அவன் இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டான். மாமாவைப் பொறுத்தவரை அவளுடைய நெருப்பு அணைந்துவிட்டது. அதன் பக்கத்தில் இன்னொன்று பற்றியிருந்தது. அதற்கு அவளிடம் அட்டையும் இல்லை, குடையும் இல்லை. தன்னை அழுதுவிட்டு விட்டுவிடுகிறவள் என்று எடை போட்டவள், தன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அக்கா மொட்டை மாடிக்கு ஏறி வந்தாள். சின்னவள் காய்ந்த விரிப்புகளை எடுத்துக்கொண்டிருந்தாள். லாட்ஜுக்காரர்களின் இரட்டைக் கட்டில் விரிப்பு, ஒரு ஆளால் மடிக்க முடியாது. வேலைக்காரப் பெண்கள் கீழே இருந்தார்கள்.

அக்கா ஒன்றும் கேட்காமல் விரிப்பின் மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேரும் உதறினார்கள். பாதியாக மடித்தார்கள், மறுபடி பாதியாக. முனையோடு முனை சேர்க்க அக்கா அருகே வந்தாள்.

"ஆமா, நான்தான் சொன்னேன்" என்றாள். "அப்ப எங்க நிலைமை அப்படி. நீ எப்பவும் எத வேணும்னாலும் பொறுத்துக்குவ. சின்ன வயசுல இருந்தே அப்படித்தானே?"

சின்னவள் மடித்த விரிப்பை வாங்கிக்கொண்டாள்.

"தப்புன்னு சொல்ல வந்தியா, காரணம் சொல்ல வந்தியா?"

அக்காவின் கண் நிறைந்தது. அந்தக் கண்ணீர் எதற்கென்று பார்க்கச் சின்னவள் கொஞ்சம் காத்திருந்தாள். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு ஏதாவது வேலை குடுப்பியா? இஸ்திரி நல்லாப் போடுவேன்" என்றாள்.

சின்னவள் அந்த விரிப்பை உதறிப் பிரித்தாள். சுருட்டி, கீழே துவைக்கப் போகிற அழுக்குக் கூடையில் போட்டாள்.

"கை பட்டுடுச்சு" என்றாள். "மறுபடி துவைக்கணும்."

அக்கா படி இறங்கிப் போகிற சத்தம் கடைசிப் படிவரை கேட்டது. சின்னவள் கொடியிலிருந்து அடுத்த விரிப்பை எடுத்து, இரண்டு முனைகளையும் பல்லாலும் கையாலும் பிடித்துக்கொண்டு, தனியாகவே மடிக்க ஆரம்பித்தாள்.